விளிம்பைத் தொட்டுப் பாருங்கள்

சித்தேரி
15.9.2025

நிர்மலா டீச்சர் அவர்களுக்கு,

ராமக்கா எழுதுவது. ஆறு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் டவர் கிடைக்கும் பாறைக்குப் போக அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஆறு முறையும் நடந்தேன். கடிதத்தில் ஒரு வசதி, பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம்தான். ஆனால் பழைய அட்டைப் பெட்டியைக்கூட வெட்டி அளவு எடுக்க வைத்துக்கொள்ளும் ஆள் நீங்கள், ஒரு தாளைக் கிழிக்க மாட்டீர்கள்.

பத்து நாளாக நான் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன்.

மாதவராஜ் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கான கண்ணாடிப் படத்தை இரண்டு மாதம் உட்கார்ந்து வெட்டியது நான். சூரியன், இரண்டு மலை, கீழே ராகிக் கொல்லை. ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, துண்டுகளை அடுக்கி மின்சூளைக்குள் வைத்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குப்படி மணிக்கு இவ்வளவு டிகிரி என்று சூடேற்றினேன். துளை வழியாகப் பார்த்தால் ஒரே சிவப்பு வெளிச்சம்தான், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? துண்டுகள் உருகி ஒட்ட வேண்டிய சூடு வந்துவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் ஐந்து மணி பஸ்சுக்குக் கிளம்பினேன். இனி ஆறுவதுதான் பாக்கி, அதை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு வகுப்பு கிடையாது. திங்கட்கிழமை வந்தால் படம் இரண்டாகப் பிளந்து சுவரில் சாய்ந்திருக்கிறது.

"அவசரமா சூடேத்திட்டீங்க ராமக்கா" என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னீர்கள். டீச்சர் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

அன்று மத்தியானமே மாதவராஜ் சம்சாரம் பானுமதி சொன்ன சொல் வகுப்பு முழுக்கச் சுற்றிவிட்டது. ராமக்காவுக்கு ராசியில்லாத கை. என் கண்ணாடித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் தட்டை, என் மேசையிலேயே உட்காரும் மலர்விழி எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். இரண்டு வாரம் தாங்கினேன். கடைசியில் பஸ் கண்டக்டர், "அக்கா, நீங்க தொட்டா கண்ணாடி வெடிக்குமாமே, ஜன்னலோரம் உக்காராதீங்க" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். பஸ்ஸே சிரித்தது.

வகுப்பை விட்டு வந்த அன்று கழிவுப் பெட்டியிலிருந்து அந்தப் படத்தில் ஒரு துண்டை எடுத்துத் தினத்தாளில் சுற்றி வந்தேன். ராசிக்குப் பயந்து அதன் விளிம்பை யாரும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. நானும் தொட்டதில்லை. வீட்டில் பிரித்து உடைந்த விளிம்பைத் தடவினேன். கட்டைவிரல் பிளந்துவிட்டது.

உங்கள் மூன்றாவது பாடம் எனக்கு மனப்பாடம். சூடேறும்போது உடைந்தால் அதற்கு மேலும் சூடு ஏறும், உடைந்த விளிம்பு உருகி மழுங்கிவிடும். ஆறும்போது உடைந்தால் விளிம்பு கத்தியாக நிற்கும். இது கத்தி, டீச்சர். நான் பஸ் ஏறிய பிறகு உடைந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதே பன்னிரண்டு பேர் முன்னால், ராமக்கா உடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

ராமக்கா


அரூர்
24.9.2025

ராமக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது, தொனிதான் நன்றாக இல்லை.

ராசி என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. பானுமதி சொன்னதற்கு நான் பொறுப்பாக முடியாது. பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து, காலி குடோன் ஒன்றில் மின்சூளை வைத்து, கண்ணாடி என்றால் வளையலும் முகம் பார்ப்பதும்தான் என்று இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு படம் உடைந்ததற்கு வகுப்பையே விட்டுப் போகிறவர்கள் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது. என் முதல் வருடத்தில் பத்தில் ஆறு உடைந்தது. நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

விளிம்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பாடம் நினைவிருப்பதில் சந்தோஷம், பாதிதான் நினைவிருக்கிறது. நீங்கள் அடிவாரத்தில் பொறுக்கி வந்த பச்சை பாட்டில் துண்டுகளை ராகிக் கொல்லையில் சேர்க்க வேண்டும் என்று அடம்பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் ஆறும்போது ஒவ்வொரு அளவு சுருங்கும். இரண்டைக் கலந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு பிளக்கும். அப்போதும் விளிம்பு கூராகத்தான் இருக்கும். வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் நீங்கள் ஒன்றிரண்டு சேர்த்திருக்கலாம். சேர்த்தீர்கள் என்று சொல்லவில்லை, இருக்கலாம் என்கிறேன்.

முடிந்ததைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? கார்த்திகைக்கு விளக்குத் தட்டுகள் கேட்டிருக்கிறார்கள். வட்டம் வெட்ட உங்கள் அளவுக்கு இங்கே யாருக்கும் கை வரவில்லை. திங்கட்கிழமை வாருங்கள். வந்து எப்போதும் போல உட்காருங்கள், நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

நிர்மலாதேவி


சித்தேரி
4.10.2025

டீச்சர் அவர்களுக்கு,

முதலில் அவசரம் என்றீர்கள். இப்போது பாட்டில் என்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் மழை என்பீர்களா?

பாட்டில் துண்டு சேர்க்க ஆசைப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டேன். அந்தத் துண்டுகள் இன்னும் என் வீட்டுச் சன்னல் கட்டையில்தான் இருக்கின்றன. ஒரு பேச்சுக்குச் சேர்த்தேன் என்றே வைத்துக்கொள்வோம். சேராத கண்ணாடி உடைந்தால் விரிசல் அந்தத் துண்டின் ஓரத்தைச் சுற்றித்தானே ஓடும்? அது ஐந்தாவது பாடம். இந்த விரிசல் எந்த ஓரத்தையும் மதிக்கவில்லை. சூரியனைக் குறுக்கே வெட்டி, மலையை வெட்டி, கொல்லையை வெட்டி ஒரே ஓட்டமாக ஓடியிருக்கிறது. முழுப் படத்துக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஆகியிருக்கிறது. சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

நாலு நாளில் மறப்பார்கள் என்கிறீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் மறப்பார்களாக இருக்கும். மலைக்கு வரும் பேச்சு இறங்கிப் போவதில்லை. எங்கள் மகளிர் குழுவுக்கு அரசாங்கத்தில் சின்ன மின்சூளை ஒன்று கொடுக்கிறார்கள். எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க என் பெயரைத்தான் குழுவில் சொல்லியிருந்தார்கள். ஒன்றே கால் வருடம் வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணி பஸ்ஸில் இறங்கி வந்தேனே, அது இதற்காகத்தான். போன வாரம் தலைவி பெரியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ராமக்கா, உன் கையப் பத்தி கீழ ஒரு மாதிரி பேசறாங்க. சூளை புதுசு. மொத நாளே வெடிச்சா குழுவுக்குத்தான் கெட்ட பேரு. அரூருலருந்து வேற ஆளு கூட்டியாரலாமான்னு பாக்கறோம். இருவத்தாறாந் தேதி கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார்.

அந்தக் கை இருபத்தைந்து வருடமாகச் சாமையும் தினையும் விதைத்த கை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வண்டி வருவதற்குள் பிள்ளையை ஏந்திய கையும் அதுதான். ஏந்தியது பெரியம்மாளின் பேத்தியை. அப்போது ராசி பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இரண்டு கேள்வி கேட்கிறேன். வெள்ளிக்கிழமை சூளையைத் திறந்தது யார்? திறந்தபோது சூட்டு எண் எவ்வளவு காட்டியது? இரண்டு வரியில் பதில் போதும்.

ராமக்கா


அரூர்
13.10.2025

ராமக்காவுக்கு,

திறந்தது நான்.
இருநூற்று முப்பது.

இரண்டு வரி கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் ஒன்பது நாள் ஆயிற்று. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கே மாதவராஜும் பானுமதியும் காரில் வந்துவிட்டார்கள். பின் சீட்டில் மெத்தை விரித்து, மஞ்சள் குங்குமத்தோடு வந்திருந்தார்கள்.

"டீச்சர், பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள படம் எங்க வூட்டு வாசப்படி தாண்டியாவணும். ஜோசியர் நேரம் குறிச்சிக் குடுத்திருக்காரு" என்றார் பானுமதி.

"இன்னும் ஆறலைங்க. சாயங்காலம் வரைக்கும் மூடியிருக்கணும்" என்றேன்.

மாதவராஜ் சிரித்தார். "ஒரு பொட்டியத் தொறக்கறதுக்கு இவ்வளவு பேச்சா? நம்ம குடோன்தானுங்களே."

அவருடைய குடோன்தான். மூன்று வருடமாக அங்கே வகுப்பு நடக்கிறது. அவர் நம்ம என்று சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. கொஞ்சமாகத் திறந்து சூட்டை வெளியேற்றலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு மூடியை இரண்டு விரல் அளவு தூக்கினேன். ஐம்பதுக்குக் கீழே வர வேண்டிய எண் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. மணி பத்தைத் தாண்டியது. முழுசாகத் திறந்துவிட்டேன். முதல் நாள் பெய்த மழைக்குக் காற்று சில்லென்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு அழகாக வந்திருந்தது, ராமக்கா. அதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. ராகிக் கதிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்போது டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான்.

பானுமதி முகம் வெளுத்துவிட்டது. புது வீட்டுக்குப் போகிற கண்ணாடி கண் முன்னால் உடைந்திருக்கிறது. "யாரு கை பட்டது இது?" என்று கேட்டார். நான் என் கை என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பெயரைச் சொன்னேன். மலையிலிருந்து வருகிறவர், கொஞ்சம் அவசரம் என்றும் சொன்னேன். ராசியில்லாத கை என்று அவர் சொன்னபோது மறுக்காமல் நின்றேன். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். என் வாய் மூடியிருந்ததால்தான் அது வெளியே போனது.

இதோடு என் லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களிலேயே திறமையானவர் நீங்கள், தனியாக வகுப்பு நடத்தத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டிருக்கிறேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இருபத்தாறாம் தேதி குழுவில் காட்டுங்கள், உங்கள் காரியம் முடிந்துவிடும்.

இந்தக் கடிதத்தை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். மாதவராஜ் காதுக்குப் போனால் குடோன் போய்விடும். பன்னிரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. எனக்காகவும்தான் கேட்கிறேன்.

நிர்மலா


சித்தேரி
27.10.2025

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். நாலாகக் கிழித்திருக்கிறேன். தாளை வீணாக்கியதற்கு வருத்தம்தான்.

நேற்று கூட்டம் நடந்தது. உங்கள் கடிதமும் சான்றிதழும் என் மடியில்தான் இருந்தன. ஒன்றை எடுத்துப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் என் பெயர் சுத்தமாகியிருக்கும். உங்கள் பெயர் மறுநாள் காலை பஸ்ஸில் அரூருக்கு இறங்கியிருக்கும். இன்னொன்றை எடுத்திருந்தால், நிர்மலா டீச்சர் பாவம் பார்த்து எழுதிக் கொடுத்தது என்று பேசியிருப்பார்கள். இரண்டையும் எடுக்கவில்லை.

எழுந்து நின்று சொன்னேன். "என் கைக்கு ராசி இருக்குதான்னு கேட்டு யாரும் வர வேணாம். கண்ணாடிக்கு ராசி தெரியாது, சூடுதான் தெரியும். அந்தச் சூடு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கறவங்க வாங்க. பயப்படறவங்க வூட்லயே இருங்க, நா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

எட்டுப் பேரில் மூன்று பேர் கை தூக்கினார்கள். அந்த மூன்றில் ஒருத்தி பெரியம்மாளின் மகள் ஜெயபிரியா. நான் ஏந்திய பிள்ளை அவளுடையது. மூன்று பேர் போதும், சூளை சின்னதுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். குடோனுக்காகப் பயந்தீர்கள். அது புரிகிறது. பயப்படுவது தப்பில்லை. அந்தப் பயத்தை என் தலையில் இறக்கி வைத்தீர்களே, அதுதான் தப்பு. மலையிலிருந்து வருகிறவர் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே. அதைச் சொன்னால் அவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் உங்களுக்கு முதலில் வந்தது. அது எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று நீங்கள் யோசிக்கவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன். யோசித்துவிட்டுத்தான் சொன்னீர்கள்.

ரகசியமாக நீங்கள் தரும் நியாயம் எனக்கு வேண்டாம். பன்னிரண்டு பேர் முன்னால் எடுத்ததைப் பன்னிரண்டு பேர் முன்னால் திருப்பிக் கொடுங்கள். உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். அது நீங்கள் கேட்டதற்காக இல்லை. இதை உங்கள் வாய்தான் சொல்ல வேண்டும், என் வாய் இல்லை. அதற்காகத்தான்.

சொல்லவில்லை என்றால் இனி எழுத வேண்டாம்.

ராமக்கா


அரூர்
6.11.2025

ராமக்காவுக்கு,

இன்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. திங்கட்கிழமை சொல்லப் பார்த்தேன், வெட்டும் கருவிகளைச் சரிபார்ப்பதிலேயே நேரத்தை ஓட்டினேன். புதன்கிழமை ஆரம்பித்து, பாதியில் மழை வருமா என்று கேட்டு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் மழை என்று எழுதியிருந்தது அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்து எனக்கே அருவருப்பாகிவிட்டது.

இன்று காலை கார்த்திகைத் தட்டுகளைப் பார்க்க பானுமதி வந்தார். அவரே ஆரம்பித்தார். "அந்த மலைக்காரம்மா இதத் தொடலீங்களே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வகுப்பில் இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

"தொட்டிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்ங்க" என்றேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. திறந்தது நான், எண் இருநூற்று முப்பது, ராமக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை, பொய் சொன்னது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கழிவுப் பெட்டியை மேசையில் கவிழ்த்து, மிச்சமிருந்த துண்டுகளைக் காட்டி, ஒவ்வொருவரையும் விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது பாடம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆனாலும் ஒருவரும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் அவ்வளவுதான்.

"அப்ப எங்க மேல பழி போடறீங்களா?" என்றார் பானுமதி.

"இல்லீங்க, எம்மேலதான் போட்டுக்கறேன். ஆனா நேரம் குறிச்சது நீங்க. இனிமே எந்த நேரத்துக்கும் நான் சூளையத் தொறக்க மாட்டேன். ஆறினாத்தான் தொறப்பேன்."

மலர்விழி எழுந்து நின்றாள். "டீச்சர், ராமக்கா தட்டு பக்கத்துலருந்து எந்தட்ட எடுத்து வெச்சேன். அவங்க பாக்கறப்பவே வெச்சேன். நீங்க அதையும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பானுமதியிடம் பேசியதைவிட அந்த ஒரு வார்த்தை கஷ்டமாக இருந்தது.

மத்தியானமே மாதவராஜிடமிருந்து தகவல் வந்துவிட்டது. தை பிறப்பதற்குள் குடோனைக் காலி செய்ய வேண்டும். நான்கு பேர் இனி வருவது சந்தேகம்தான். மற்றவர்கள் எங்கே போனாலும் வருவதாகச் சொன்னார்கள். மலர்விழி தன் வீட்டு மாட்டுக் கொட்டகை காலியாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இரண்டரை மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது இன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டபோதுதான் தெரிந்தது.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நிர்மலா


சித்தேரி
14.11.2025

நிர்மலாவுக்கு,

டீச்சர் என்று எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். கோபத்தில் இல்லை. இங்கே சூளைக்கு நான்தான் டீச்சர், ஒரே தாளில் இரண்டு டீச்சர் குழப்பமாக இருக்கும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. அதே கண்டக்டர்தான் கொண்டுவந்தார். "அக்கா, நீங்க உடைக்கலையாமே" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். உடைத்ததாகச் சொன்னபோது சிரித்த பஸ், இப்போது வெளியே வேடிக்கை பார்த்தது. சன்னலோரம்தான் உட்கார்ந்து வந்தேன்.

சூளை வந்துவிட்டது. முதல் முறை நான்கு சின்னத் தட்டு வைத்தோம். மூன்று நன்றாக வந்தது, ஒன்றில் கொப்புளம். பெரியம்மாள் வந்து பார்த்துவிட்டு, கொப்புளம் வந்ததைத்தான் எனக்குக் கொடு என்று வாங்கிப் போனார். அது பழுதானது என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. மறுநாள் தன் மருமகளைக் கொண்டுவந்து விட்டார், அவள் பின்னாலேயே இன்னொருத்தியும் வந்தாள். இப்போது ஐந்து பேர்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இன்னும் இல்லை. வந்தால் சொல்கிறேன். சாமை அறுவடைக்குப் போகும்போதுகூட மலையிலிருந்து வருகிறவர் என்ற அந்தச் சொல் காதில் கேட்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் பானுமதி முகத்துக்கு நேராக நீங்கள் சொன்னதை மலர்விழி போனில் சொன்னபோது, பாறை மேல் நின்று இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதையும் மறைக்க மாட்டேன்.

உங்கள் பெரிய சூளையை மலர்விழி வீட்டில் வையுங்கள். எங்கள் கரண்டு அதைத் தாங்காது. சனிக்கிழமைகளில் இங்கே வாருங்கள். பெரிய படம் அடுக்க எனக்கு இன்னும் தெரியாதது நிறைய இருக்கிறது, உங்களுக்கு இன்னும் வட்டம் வெட்டத் தெரியாது. சொல்லிக்கொடுக்கலாம், கற்றுக்கொள்ளலாம். பலகையில் என் பெயர் முதலில் இருக்கும். அதில் பேச்சு இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் சனிக்கிழமையே வரலாம். அரூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் பஸ் எட்டு மணிக்கு மேல் இங்கே வந்து சேரும். ஐந்து பேரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அரூரில் நீங்கள் சொன்னது அவர்களுக்குக் காற்றில்தான் வந்தது. யார் திறந்தது, எவ்வளவு எண் இருந்தது, யார் பெயரைச் சொன்னீர்கள், என்னை என்னவென்று சொன்னீர்கள், எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் நின்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். மலையிலிருந்து வருகிறவர் என்றதையும் விடக் கூடாது.

சாமைச் சோறு ஆக்கி வைக்கிறேன். சொன்ன பிறகு சாப்பிடலாம்.

ராமக்கா